சாக்பீஸ் சுவர்கள்

கடல்கடந்து வந்த இந்த நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதிச் சந்து ஒன்றில், பாதி இடிந்த பழைய மாளிகையின் மேல்மாடியில் நிற்கிறேன். கூரை இல்லை. கீழே சந்தையின் கூச்சல் மேலே ஏறி வருவதற்குள் மெலிந்து, வேறெந்த ஊரிலிருந்தோ கேட்பதுபோல் இருக்கிறது. பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்களுக்காகப் கத்தோலிக்கப் பங்குக் கோவில்காரர்கள் நன்கொடை திரட்டி இங்கே வீடுகள் கட்டுகிறார்கள். இப்போதைக்குத் தரையில் சாக்பீஸ் கோடுகள் மட்டுமே இருக்கின்றன.

காலைப் பூசையில் அறிமுகமான மன்னார்க்காரர் ஜெசிந்தா, தனக்கு ஒதுக்கிய வீட்டைக் காட்ட அழைத்து வந்திருக்கிறார். ஒரு கோட்டைத் தாண்டி அவரிடம் போகிறேன்.

"ஐயோ அண்ணை, அது சுவர்!"

சிரிப்பார் என்று பார்க்கிறேன். சிரிக்கவில்லை.

"பதினொரு வருசமா சிஞ்ஞோரா, எங்கடை முதலாளியம்மா வீட்டிலைதான் வேலை, படுக்கையும் அங்கைதான். நல்ல மனிசி, குறை சொல்லேலாது. ஆனா நினைச்ச நேரம் என்ரை அறைக் கதவைத் திறந்துகொண்டு வருவா. உடுப்பு மாத்தேக்கையும் வருவா."

கோட்டில் இடைவெளி விட்டிருக்கும் இடத்தைக் காட்டுகிறார். "வாசல் அங்கை. சுத்தி வாங்கோ."

சுற்றிப் போய்ச் செருப்பைக் கழற்றுகிறேன். வெயிலில் சிமெண்ட் தூசி பொன்னாக மிதக்கிறது. ஜெசிந்தா எனக்கு முதுகு காட்டி நிற்கிறார். காத்திருக்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆகிறது. குனிந்து, தரையில் இரண்டு முறை தட்டுகிறேன்.

அவர் உடனே திரும்பவில்லை. தலைமுடியை ஒதுக்குகிறார், சட்டையை இழுத்துவிடுகிறார். பிறகு, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பவர்போல் குரலை உயர்த்துகிறார்.

"ஆர்?"