கை தூக்க முடியாத தீர்மானம்

நீங்கள் பெண்களின் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தது எப்போது? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. ஆஸ்திரேலியாவில், எங்கள் டெரிங்கால் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆண்கள் எல்லாரும் "வாராவாரம்" என்பார்கள். அது உண்மைதான். பெண்கள் ஆட்டம் ஆறு மணிக்கு, ஆண்கள் ஆட்டம் ஏழரைக்கு. நல்ல இருக்கை வேண்டுமென்றால் பெண்கள் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் வந்து இடம் பிடித்தாக வேண்டும்.

அந்தத் தகரக் கொட்டகை அரங்கில் இருபது ஆண்டுகள் ஆடியவள் கிளெனிஸ் நாஸ்கே. கோதுமை விவசாயி வீட்டுப் பெண். ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கொட்டகைச் சுவரில் வளையம் அடித்து எறியப் பழகியவள். பதினாறு வயதில் ஊர் அணியிலும் இருபத்திரண்டில் விக்டோரியா மாநில அணியிலும் ஆடினாள். உயரம் அதிகமில்லை. ஆனால் எதிரணிக்காரி எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பது அந்த எதிரணிக்காரிக்கே தெரியும் முன்பு இவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது குழந்தை பிறந்த மூன்றாம் மாதமே களமிறங்கினாள். குழந்தை ஆட்ட நேரம் குறிப்பவரின் மேசைக்கு அடியில் கூடையில் தூங்கியது. ஊதல் சத்தத்துக்கு அது விழித்ததே இல்லை. முப்பத்தாறு வயதில் முழங்கால் போனது. அப்போது அவளுக்கு ஒரே ஒரு ஆசை வந்தது: பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வேண்டும்.

பேராசைதான். ஏனென்றால் எங்கள் ஊரில் அந்தப் பதவிக்குத் தகுதி முன்பே தீர்மானமாகியிருந்தது. ஊரின் முட்டைப்பந்து அணியிலிருந்து, அதாவது முட்டை வடிவப் பந்தை உதைத்து முட்டி மோதி ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து அணியிலிருந்து, முட்டி வலித்து ஓய்வு பெற்ற ஆணாக இருக்க வேண்டும். பந்து உருண்டையா முட்டையா, காலால் உதைப்பதா கையால் எறிவதா என்பதெல்லாம் சில்லறை விஷயங்கள்.

அப்படி வந்தவர் டாரில் ஓட்ஸ். நல்ல மனிதர், தங்கமானவர். "மோதுங்க பிள்ளைங்களா! தோளால இடிச்சுத் தள்ளுங்க!" என்று ஓரத்திலிருந்து கத்துவார். முட்டைப்பந்தில் அது வீரம், கூடைப்பந்தில் அது தவறு. ஐந்து தவறு செய்தால் வெளியே போக வேண்டும். அவர் சொல்லைத் தட்டாமல் கேட்ட ஒரு சனிக்கிழமை, எங்கள் அணி மூன்றே பேரோடு ஆட்டத்தை முடித்தது. மறுவாரம் உள்ளூர்ப் பத்திரிகை "டாரிலின் அணியின் போராட்ட குணம்" என்று எழுதியது.

இடைவேளையில் டாரில் குடிக்கத் தண்ணீர் தேடிப் போகும்போது, கிளெனிஸ் ஆரஞ்சுத் துண்டுகளைக் கொடுத்தபடியே பெண்களிடம் முணுமுணுப்பாள்: "அவ இடது கையால தட்டவே மாட்டேங்கிறா. வலப்பக்கத்த அடைச்சு நில்லு, அது போதும்." அதற்குப் பிறகு வரும் புள்ளிகள் டாரில் கணக்கில் ஏறும். அவளுடைய பதவியின் பெயர் உதவியாளர்.

ஒருநாள் சங்கத் தலைவர் கெல்வின் டிரெவினிடம் நேராகவே கேட்டாள்.

"கெல்வின், இந்த வருஷம் பொண்ணுங்க அணிய எங்கிட்ட குடு."

"அட கண்ணு, உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? பொம்பள சொன்னா பொம்பளைங்க கேக்க மாட்டாங்க. அது இயற்கை."

"இப்பவும் நான் சொல்றதத்தானே கேக்குறாங்க?"

"அதான் நடக்குதே! அப்புறம் என்ன, பேரு மாறணுமா?"

இயற்கை! மனிதன் தன் சோம்பேறித்தனத்துக்கும் பயத்துக்கும் வைத்த மரியாதையான பெயர் அது. பூமி தட்டை என்பதும் ஒரு காலத்தில் இயற்கையாகத்தான் இருந்தது.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது ஆண்டுக் கூட்டம். பதினெட்டு வயதான உறுப்பினர் எல்லாருக்கும் ஓட்டு உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. விதியைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் பயிற்சியாளர் தேர்வு கூட்டத்தின் கடைசி விஷயம், அது முடிந்ததும் தேநீர். தேநீர் சூடாக வர வேண்டுமென்றால் தேர்வு நடக்கும்போது யாராவது சமையலறையில் இருக்க வேண்டும். அந்த யாராவது எல்லாரும் பெண்களாக இருந்தது தற்செயல். அந்தத் தற்செயல் ஆண்டுதோறும் தவறாமல் நடந்தது.

அந்த ஆண்டு, கிளெனிஸோடு பின்களத்தில் ஆடிய பள்ளி ஆசிரியை ஜாய்ஸ், வேறு மாதிரி ஏற்பாடு செய்தாள். கூட்டம் தொடங்கும் முன்பே அடுப்பு எரிந்தது. "அடுத்து, பயிற்சியாளர்…" என்று கெல்வின் வாயெடுத்ததும் கதவு திறந்தது. ஆளுக்கொரு தட்டில் சாசேஜ் ரோல், கிரீம் கேக். மறு கையில் கொதிக்கும் தேநீர்.

"ஆகா! இன்னைக்குச் சீக்கிரமே வந்துருச்சே!" கெல்வின் முகம் மலர்ந்தது.

கொடுத்து முடித்ததும் பெண்கள் சமையலறைக்குத் திரும்பவில்லை. நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"தலைவரே, கிளெனிஸ் நாஸ்கே பேர முன்மொழியறேன். டாரில் பேரும் இருக்கு. டாரில் வேணுங்கறவங்க கை தூக்குங்க" என்றாள் ஜாய்ஸ்.

ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கோப்பை. அறை முழுவதும் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் கோப்பையையே தூக்கப் போய்த் தொடையில் ஊற்றிக்கொண்டார்.

"கிளெனிஸுக்கு?"

காலியான பெண் கைகள் எல்லாம் மேலே போயின.

"இரு இரு இரு! இது செல்லாது! எங்க கையில தட்டு இருந்துச்சு!" வாய் நிறைய கேக்கோடு கெல்வின் எழுந்தார்.

"எங்க கையில இத்தன வருஷமா இருந்துச்சே, அப்ப நடந்ததெல்லாம் செல்லுமா?" என்றாள் ஜாய்ஸ்.

கிளெனிஸின் முகம் சிவந்திருந்தது. இந்தத் திட்டம் அவளுக்குத் தெரியாது. "ஜாய்ஸ், உக்காருடி. ஏமாத்தி வாங்குன பதவி எனக்கு வேணாம். எல்லாரும் தட்டக் கீழ வைங்க. திரும்ப எண்ணலாம்" என்றாள்.

தட்டுகள் தரைக்கு வந்தன. கெல்வின் நிம்மதியாக வாயைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். பிறகு இன்னொரு முறை எண்ணினார். அறையில் பெண்களே அதிகம். எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. எண்ணும்போது அவர்கள் அங்கே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதற்குமேல் பின்வரிசையில் ஓர் ஆண் கை கிளெனிஸுக்காக உயர்ந்திருந்தது. அது டாரிலின் கை.

"டேய், உனக்கே நீ ஓட்டுப் போடலையா?"

"அப்பாடா, கெல்வின்! வியாழக்கிழமை பயிற்சி வச்சதுல மீன் பிடிக்கப் போயி ஆறு வருஷமாச்சு. அந்த ஆட்டத்துல எதுக்கு ஊதுறாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலப்பா."

கிளெனிஸ் பதினேழு ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தாள். இரண்டாம் ஆண்டே வட்டாரக் கோப்பை வந்தது. "டாரில் போட்ட அடித்தளம்" என்று பத்திரிகை எழுதியது. டாரில் அதை ஆற்றங்கரையில் படித்துவிட்டு அதிலேயே மீனைச் சுற்றி எடுத்துப் போனார். இடையில் மூன்று ஆண்டுகள் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர் கிடைக்கவில்லை. கிளெனிஸ் அதே அரங்கில், அதே மாலையில்தான் நின்றிருந்தாள். அவளைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பயிற்சியாளரே இல்லாமல் தோற்பதில் அவர்களுக்கு ஒரு கௌரவம் இருந்தது.

இது எங்கோ கோதுமை விளையும் ஊரின் கதை என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் யார் என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். ஓர் ஆணின் பெயரைச் சொன்னால், அந்த அணியில் இருபது ஆண்டுகள் ஆடியவள் இப்போது எங்கே என்று கேளுங்கள். சமையலறையில் இருக்கிறாள் என்றால், உள்ளே போய் அவள் கையிலிருக்கும் கெண்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.