சிவப்புக் கட்டம்

டாக்குரியா ஸ்டேஷனை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். போதை சிகிச்சை மையத்திலிருந்து மருந்துகூட வாங்காமல் பாதியில் எழுந்து வந்திருந்தேன்.

உள்ளே பதிவு போடும் வங்காளி அக்கா, எல்லாரும் தீதி என்று கூப்பிடுபவர், கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்றது, ஊர் ஊராகச் சுற்றியது, இங்கே வந்து பிரவுன் சுகர் புகைக்கப் பழகியது.

"இதெல்லாம் போலீசுக்குப் போகுமா, தீதி?"

"உங்க பேரே போகாது, அண்ணா. எந்தப் பகுதி, என்ன போதை, எப்படி எடுக்கறாங்க, அவ்வளவுதான். எல்லா மையத்துப் பதிவையும் சேர்த்தா அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரியும்."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி ஒரு வரைபடத்தைக் காட்டினார். புகைப்பவர்களுக்கு நீலக் கட்டம், ஊசிக்காரர்களுக்குச் சிவப்பு. மாதத்துக்கு மாதம் நீலம் குட்டையாகி, சிவப்பு வளர்ந்திருந்தது.

"உங்க ரயில் பாதை ஓரத்து ஆளுங்க. முதல் தடவை வரும்போது உங்களை மாதிரி புகைன்னுதான் சொன்னாங்க. திரும்பி வரும்போது ஊசி."

போலீஸ் பயம் போய், அதைவிடப் பெரிய பயம் வந்தது. அன்று சாயங்காலம் முதல் ஊசி போட்டுக்கொள்வதாக என் கூட்டாளியிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு மேல் அங்கே உட்கார முடியாமல்தான் எழுந்து வந்தேன். ஸ்டேஷனில் கூட்டாளி பிளாட்பாரக் கோடியில் உட்கார்ந்திருந்தான். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை.

"வாடா மதராஸி! உள்ளே மந்திரிச்சு விட்டாங்களா?"

"நீ அங்கே போயிருக்கியா?"

"ரெண்டு தடவை. முதல்ல போனப்ப நானும் புகைதான். ஊசியைக் கண்டாலே ஓடுவேன்னு சொல்லி தீதியைச் சிரிக்க வெச்சேன்." சட்டைக் கையை ஏற்றினான். முழங்கைக்குக் கீழே வீங்கிப் பழுத்திருந்தது. "பயப்படாதே. உனக்கு நோகாம நானே போட்டுவிடறேன்."

திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். மையத்தைப் பூட்டப்போகும் நேரத்துக்குத் திரும்பப் போய்ச் சேர்ந்தேன். தீதி கொடுத்த மாத்திரை நாக்கின் அடியில் கரையும்வரை அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"தினமும் வரணும்," என்றார்.

ரயில் பாதைப் பக்கம் தங்கினால் வர மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை, மையத்துக்குப் பின்தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த தமிழரிடம் வேலை கேட்டேன்.

"எத்தனை நாள் நிப்பே? மூஞ்சியைப் பார்த்தா ஓடுகாலியாட்டம் இருக்கே."

"தெரியலைங்க. படுக்க இடம் வேணும். தினம் ஒரு தடவை மருந்துக்கு வெளியே விடணும்."

என்ன மருந்து என்று கேட்டார். சொன்னேன். கடையின் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"கல்லாப் பக்கம் வராதே. போய் சாம்பார் அண்டாவைக் கழுவு."