நடுமத்தியானம் ஓடிய பம்ப்

படகுத்துறையில் அவருக்கு மீட்டர் என்று பெயர். பேட்டரி வேலைக்காரர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு மீட்டர் கிடக்கும். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். "கல்யாணத்தன்னிக்கே என்னை அளந்திருப்பாரு, சனம் சுத்தி நின்னதால தப்பிச்சேன்" என்பாள் அவர் பெண்டாட்டி.

பல் டாக்டர் ஒருவரின் சின்னப் பாய்மரப் படகு சல்லிசாகக் கிடைத்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின்கூட அதில் இருந்தது. இருந்தும் என்ன? நடுக்கடலில் பேட்டரி படுத்துவிட, டாக்டர் நாக்கு வறண்டு செத்தார். மீட்டர் புது பேட்டரி போட்டு, பெண்டாட்டியோடு கிளம்பினார்.

நாலாம் நாள் காற்று செத்தது. வானம் மூடியதில் சோலார் தகடும் சும்மா. குடிக்க எட்டு லிட்டர்தான் மிச்சம்.

"மெஷினப் போடுங்களேன்."

"சார்ஜ் இஞ்சினுக்கு வேணும்டி. டீசலும் கொஞ்சம்தான். நீரோட்டம் கரைப்பக்கம் இழுக்குது, கிட்டப் போனதும் ஒரே ஸ்டார்ட்டு. அதுவரைக்கும் தண்ணிய அளந்து குடி."

மறுநாள் உச்சிப்பொழுது. இருவரும் மேலே உட்கார்ந்திருக்க, கீழே அந்தக் குடிநீர் மெஷினின் பம்ப் டக்டக்கென்று ஓடியது. சுவிட்சு அணைந்துதான் இருந்தது. ஒரு மணி நேரம் ஓடித் தானாக நின்றது. தொட்டியில் இருபது லிட்டர் ஏறியிருந்தது.

மீட்டர் ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த உச்சியில் மறுபடி டக்டக். பையைத் தடவினார், ஃப்யூஸ் அங்கேதான் இருந்தது. அதற்கும் மறுநாள் வயரையே வெட்டி, இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்தபடி காத்திருந்தார். பம்ப் ஓடியது. பேட்டரியும் இறங்கியது.

"விடுங்க. யாருக்கோ தாகம்" என்றாள் அவள். அவள் சிரிக்கவில்லை.

இருக்கிற சார்ஜும் போவதற்குள் இஞ்சினைக் கிளப்பப் பார்த்தார். இரண்டு தரம் இருமி அடங்கியது. பேட்டரியும் அத்தோடு காலி.

"கெடுத்தானே பாவி டாக்டரு!" என்று கத்திக்கொண்டே டீசல் ஃபில்டரைக் கழற்றி டம்ளரில் ஊற்றினார். தண்ணீர்போலத் தெளிவாக விழுந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. டீசல் டேங்கின் மூடி சரியாக இறுகாமல், கிளம்பிய நாளிலிருந்தே உள்ளே கடல் புகுந்திருக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தாலும் அந்த இஞ்சின் ஓடியிருக்காது. ஒவ்வொரு ஆம்பியராய் எண்ணிய மனுஷர் அந்த மூடியை ஒரு தரம் திருகிப் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்பது நாள் மிதந்தார்கள். பம்ப் அதற்குப்பிறகு ஓடவில்லை. ஓடத் தேவையும் இருக்கவில்லை. கரை தட்டிய அன்று தொட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் மிச்சம்.

படகை அவர் விற்கவில்லை. வெட்டிய வயர் வெட்டியபடியே தொங்குகிறது. துறையில் கட்டிக்கிடக்கும்போதும் சில உச்சிப்பொழுதில் கீழே டக்டக் கேட்கும்.

"பேட்டரிய அளந்துதான் பாருங்களேன்" என்பாள் அவள்.

"சும்மா இருடி" என்று மீட்டரைப் பைக்குள் தள்ளிவிட்டு, சத்தம் நிற்கும்வரை அவர் அசையமாட்டார்.