எண்ண வந்தவள்

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. மலாவியில், ஷீரே ஆற்றங்கரையில் ஒரு சுகாதார நிலையத்தில், பகல் வெளிச்சத்தில் எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

நோயாளிகளின் விவரமெல்லாம் இப்போது கணினிக்குள் போய்விட்டது. அதை மருத்துவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அளப்பதுதான் எங்கள் வேலை. அறை மூலையில் உட்கார வேண்டும். மருத்துவர் திரையைப் பார்த்தால் கையிலுள்ள கருவியில் ஒரு பொத்தான், நோயாளியைப் பார்த்தால் இன்னொன்று. இப்படி எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன நடந்தாலும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போய்விடும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே என் சம்பளத்தில்தான்.

மருத்துவர் சிரம்போவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. என் பெயரைச் சொல்லிச் சொல்லியே குத்துவார்.

"அமுக்கு மடாலோ, நல்லா அமுக்கு. நான் மூக்கைச் சொறிஞ்சா அதுக்கும் ஒரு பட்டன் வச்சிருக்கியா?"

அன்று மதியத்திலிருந்தே விடாத மழை. கூட்டம் தீர்ந்துவிட்டது. சிரம்போ திரையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். அப்போது நெட்டையாக ஒருத்தி உள்ளே வந்தாள். கையில் குழந்தை. சத்தமில்லாமல் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் பொத்தானை அமுக்கினேன். திரை.

அவர் நிமிரவே இல்லை. என்மேல் உள்ள கோபத்தை இவளிடம் காட்டுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் தரை... காய்ந்து கிடந்தது.

அவள் மருத்துவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். பரம எதிரியைப் பார்ப்பது போல.

கர்ர்... கர்ர்... குழந்தை மூச்சுக்குத் திணறியது.

மறுபடியும் அமுக்கினேன். திரை.

கர்ர்...

திரை.

பிறகு சத்தமே இல்லை.

வேலை போனால் போகட்டும்! எழுந்து கத்தினேன்.

"ஐயா, அந்தக் குழந்தையப் பாருங்க!"

சிரம்போ திரும்பினார். "எந்தக் குழந்தை?"

நாற்காலி காலி.

பழையபடி மூலையில் உட்கார்ந்தேன். மடியில் ஏதோ கனத்தது. ஈரமாக... சில்லென்று...

காதோரம் ஒரு குரல்.

"இவ்வளவு நேரம் எண்ணிட்டுத்தானே இருந்தே? இனி நீயே வச்சுக்கோ."

கண் விழித்தபோது செவிலி தியோங்கே என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். போன வருடமும் இதேபோல் அளக்க வந்தார்களாம். அப்போது அந்த நாற்காலியில் ஒரு கைக்குழந்தை தாயின் மடியிலேயே இறந்துபோனதாம். அப்போதிருந்த மருத்துவர், கணினி திறக்கவில்லை என்று திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம். மூலையில் இருந்தவள் பொத்தானை அமுக்கியதோடு சரி, வாயே திறக்கவில்லையாம்.

"அப்ப வந்தது... அந்த அம்மாவோட ஆவியா?"

"அவ உயிரோடதான்டி இருக்கா. சந்தையில மந்தாசிப் பணியாரம் சுட்டு விக்கிறா." தியோங்கே என் மடியைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ சொல்ற நெட்டை ஆளு, போன வருஷம் இந்த மூலையில உக்காந்து எண்ண வந்த பொண்ணு. குழந்தையப் புதைச்ச அன்னிக்கே ஆத்துல விழுந்துட்டா."