நோன்பு நாளில் ஒரு ஏர் ஃப்ரையர்

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் சோதனையை நோன்பு நாளில் வைக்காதீர்கள்.

நான் வைத்தேன்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இடது கண். வலது கண்ணில் ஏற்கெனவே பாதிப் பார்வைதான். ஒரு மாதத்துக்கு அடுப்புச் சூடும் புகையும் ஆகாது என்றார் டாக்டர். அம்மா தலையாட்டினாள். சிம்மக்கல் சிக்னலில் ஆட்டோ நின்றபோது கேட்டாள்.

"நோன்புக்கு யாருடி பொரிக்கிறது?"

எங்கள் சந்தில் ஏழு வீடுகள். நோன்பு மாதத்தில் ஆளுக்கொரு நாள், ஒரு வீட்டிலிருந்து மற்ற ஆறு வீடுகளுக்கும் தட்டு போகும். வெள்ளிக்கிழமை எங்கள் முறை. எங்கள் தட்டு என்றால் கோலா உருண்டை. கொத்துக்கறியை அரைத்து, பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருட்டிப் பொரிப்பது.

எனக்கு எண்ணெய் என்றால் பயம். ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை கையில் தெறித்தது. அதன்பிறகு நான் எதையும் பொரித்ததில்லை. அம்மாவும் பொரிக்கச் சொன்னதில்லை.

அதனால் ஏர் ஃப்ரையர் வந்தது.

"ரைஸ் குக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் பொறந்தது மாதிரில இருக்கு. எண்ணெய் எங்க ஊத்துறது?"

"ஊத்த வேணாம்மா. காத்துல பொரியும்."

"காத்துல துணிதாண்டி காயும்."

முதல் வெள்ளி. மூன்று மணிக்கே ஆரம்பித்தேன். ஒரு தடவைக்குப் பத்து உருண்டை, பதினைந்து நிமிடம். நடுவில் ஒருமுறை கூடையை இழுத்துக் குலுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நிறம் அழகாக வந்தது. ஸ்டேட்டஸ் வைத்தேன். (அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நீங்கள் பலர் 'வாங்கலாமா' என்று கேட்டீர்கள்.)

நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியாது. ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். உள்ளே வெந்திருந்தது. போதும் என்று நினைத்தேன்.

ஆறு மணிக்குள் ஆறு தட்டும் போய்விட்டன.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், பள்ளிவாசல் கஞ்சி. பிறகு கோலா.

சுண்ணாம்புக் கட்டி. கடித்ததும் உதிர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அம்மா ஒன்றை முழுவதும் தின்றாள். கறுப்புக் கண்ணாடி. முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். தட்டில் கொய்யாப்பழம். எங்கள் சந்தில் தட்டு வெறுமனே திரும்பாது.

"எங்க மாமியா வாயில போட்ட கோலா கரையிறதுக்குள்ள பள்ளியில தொழுகையே முடிஞ்சிருச்சு புள்ள" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மா பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் நினைக்காதக்கா. கண்ணு இப்புடி இருக்கையில அனுப்புனதே பெருசு."

அம்மா சிரித்தாள். அவர் போனதும் சிரிப்பு நின்றது.

"அடுத்த வெள்ளி அடுப்புல நான் நிக்கிறேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கண்ணாடி போட்டுத்தான இருக்கேன்."

"யாரும் தப்பா நினைக்கலம்மா."

"நினைச்சா நல்லாருக்கும். பாவம், கண்ணு தெரியாதவ வீட்டுத் தட்டுன்னுல்ல தின்பாக."



அந்த வாரம் முழுக்க மெஷினைச் சோதித்தேன். உருளைக்கிழங்கு நன்றாக வருகிறது. கோழித் துண்டுகள் மிக நன்றாக. மற்ற வீடுகளிலிருந்து வந்து ஆறிப்போன சமோசாவை மூன்று நிமிடம் வைத்தால் மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. இதற்காகவே வாங்கலாம் என்று கூடத் தோன்றியது. கோலாவை மட்டும் மூன்று முறை முயன்றேன். எண்ணெய் தடவிப் பார்த்தேன், சூட்டைக் குறைத்துப் பார்த்தேன். பொட்டுக்கடலை மாவு ஈரத்தைக் குடித்துவிடுகிறது. மிச்சத்தைக் காற்று குடித்துவிடுகிறது.

இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்குச் சரி. சந்துக்குச் சரிவராது.

அடுத்த வெள்ளி. கறி அரைத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அடுப்பில் வாணலி. எண்ணெய் சூடாகிக்கொண்டிருந்தது. அம்மா முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியபடி அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள்.

நான் கேஸை அணைத்தேன்.

"வெளிய போய் உக்காரும்மா. நான் போடுறேன்."

"உனக்குத்தான் பயமாச்சே."

"பயந்தான்."

கரண்டியை என் கையில் கொடுத்தாள். பிறகு போனாள். ஹாலில் நாற்காலியைச் சமையலறைக் கதவுக்கு நேராக இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

கறியில் மாவைச் சேர்த்துப் பிசைந்து உருட்டினேன். அடுப்பை மறுபடி பற்ற வைத்தேன். முதல் உருண்டையைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் குதித்தேன்.

"ஓடாத. தூக்கிப் போட்டா தெறிக்கத்தான் செய்யும். ஓரத்துல வச்சு உருட்டி விடு."

உருட்டி விட்டேன்.

"தீயக் குறை."

"அங்கருந்து எப்புடித் தெரியுது?"

"மூக்குக்கா ஆபரேசன் பண்ணாக?"

முதல் ஈட்டில் நான்கு உடைந்தன. இரண்டாவது ஈட்டில் ஒன்று. மூன்றாவதில் நான் குதிக்கவில்லை என்பதை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். அம்மா நாற்காலியை விட்டு ஒருமுறை எழுந்தாள். கதவுவரை வந்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசித் தட்டை மும்தாஜ் அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

நோன்பு திறந்தோம். அம்மா கோலாவைக் கடித்தாள். நானும் அத்தாவும் சாப்பிடாமல் அவளையே பார்த்தோம்.

"உப்புக் கம்மி."

இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

"மும்தாஜ் சும்மா இருக்க மாட்டா. நாளைக்கு வந்து உப்பு எங்கன்னு கேப்பா."

அதைச் சொல்லும்போது சந்தோஷமாக இருந்தாள்.

நான் எழுந்து போய், மிச்சமிருந்த மாவில் உப்புப் போட்டுப் பிசைந்து இன்னொரு ஈடு பொரித்தேன்.