படலையில் கட்டாத வேப்பிலை

எண்பதுகளின் தொடக்கம். விசுவமடுவில் எங்கள் தோட்டத்து மிளகாய் பழுத்திருந்தது. பழம் ஆய ஆட்களுக்குச் சொல்லியிருந்தோம். அதற்கு முதல் நாள் ஆறு வயது மகளின் முதுகில் கொப்பளிப்பான் போட்டது.

இப்படி அம்மை போட்டால், அம்மாள் வருத்தம் என்று வாசல் படலையில் வேப்பிலை கட்டவேண்டும். கட்டினால் ஒருவரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். அதைவிடத் தெளிவான அறிவித்தலை எந்தச் சுகாதாரப் பரிசோதகரும் எழுதியதில்லை.

வேப்பிலை முறித்தேன். மகளின் பாயில் மட்டும் பரப்பினேன். வானம் கறுத்துக்கொண்டு நின்றது, மழைக்கு முன் ஆயாவிட்டால் பழம் அழுகிவிடும். பிள்ளையைக் கடைசி அறையில் கிடத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மீதே ஆத்திரம் வருகிறது.

ஆய வந்தவர்களில் அடுத்த காணிக்காரியும் ஒருத்தி. ஏழு மாதக் கர்ப்பிணி. தண்ணீர் குடிக்கக் குசினிக்கு வந்தவள் பிள்ளையின் சிணுங்கல் கேட்டு, நான் தடுக்குமுன் உள்ளே போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தடிமன் காய்ச்சல் என்று சொன்னேன். அறை இருட்டாக இருந்தது, நம்பிவிட்டாள்.

மூன்றாவது வாரம் அவளுடைய படலையில் வேப்பிலை தொங்கியது. கர்ப்பிணிக்கு நெஞ்சுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து, மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அவளைப் பார்க்க வந்த மருத்துவமாது சொன்னார். அவள் கணவனுக்கு அது முன்பு வந்ததில்லை என்பதால் அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். எனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோனது, அநேகமாகத் திரும்ப வராது. நான்தான் போனேன். இளநீர் பருக்கினேன், சொறியவிடாமல் வேப்பங்குழையால் தடவினேன், அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆனால் அது பிறகுதான் தெரிந்தது.

அவளைப் பார்க்கப் போன நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"மிளகாய் ஆய்ஞ்ச அண்டைக்கு மகளுக்குக் கொப்பளிப்பான்தான். தெரிஞ்சுகொண்டுதான் நான் வேப்பிலை கட்டேல்லை."

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மிளகாய் நனையேல்லைத்தானே, அக்கா?"

ஒரு பழம்கூட நனைந்திருக்கவில்லை. நான் வேப்பங்குழையை எடுத்து மறுபடி தடவத் தொடங்கினேன்.