மேஜையில் உறவு சொல்லக்கூடாது

சீட்டு ரூமில் வேலை பார்க்கிறவனுக்கு ஆட்டம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவன் ஆடக்கூடாது. 2004-இல் சிதம்பரத்திலும், பிறகு 2012 வரை கடலூர் மஞ்சக்குப்பத்திலும், ஒரே செக்ரட்டரி நடத்திய இரண்டு மனமகிழ் மன்றங்களில் நான் சீட்டு ரூம் இன்சார்ஜாக இருந்தேன். இன்சார்ஜ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புதுக் கட்டைப் பிரித்துக் கொடுப்பது, யார் எங்கே உட்காருவது என்று சொல்வது, சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பது, இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் வேலை. ஓட்டல் கல்லாவிலோ ரேஷன் கடையிலோ டிக்கெட் கவுன்ட்டரிலோ உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

வெளியே போர்டில் கேரம், ரம்மி என்று எழுதியிருக்கும். உள் ரூமில் நடந்தது மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு போடுவார்கள், பந்தயம் வட்டமாகச் சுற்றி வரும். முடிந்தவன் கட்டுவான், முடியாதவன் 'பேக்' என்று சொல்லி சீட்டைக் கவிழ்ப்பான். மேஜைக்குக் காசு வராது, டோக்கன்தான். ஆனால் டோக்கனே இல்லாத ஒரு பந்தயமும் அந்த மேஜையில் ஒரு தடவை நடந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு அவளுடைய தாய்மாமன் வந்து நிற்பாரா மாட்டாரா என்பது அது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் எங்கள் ரூம் சட்டம் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

மாமா என்றால் நல்ல சீட்டு

சிதம்பரத்தில் நான் சேர்ந்த புதிதில், சேத்தியாத்தோப்பு பக்கத்திலிருந்து கரும்பு விவசாயிகள் இரண்டு பேர் ஜோடியாக வருவார்கள். ஒருவர் மாமன், இன்னொருவர் மச்சான். எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள். வெள்ளந்தியான மனிதர்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. இளையவரிடம் நல்ல சீட்டு வந்தால் எதையாவது பேசுகிற சாக்கில் "மாமா" என்று கூப்பிடுவார். சீட்டு சரியில்லை என்றால் வெறும் "யோவ்". "மாமா" காதில் விழுந்ததும் பெரியவர் தன் கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவார். நடுவில் மாட்டியவர்கள் நசுங்கிப்போவார்கள்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் இளையவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மாமா, ஒங்க செருப்ப எவனோ மாட்டிக்கிட்டுப் போறான்" என்றார். பெரியவர் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது. ஏற்றினார், இன்னும் ஏற்றினார், இருந்த டோக்கனையெல்லாம் கொண்டுபோய் நடுவில் வைத்தார். கடைசியில் சீட்டைத் திறந்தால் மச்சானிடமும் ஒன்றும் இல்லை. பெரியவர் எழுந்து நின்று, ரூமில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "நல்ல சீட்டு இல்லாம எதுக்குடா என்னைய மாமான்னு கூப்புட்ட?"

இடது பக்கத்து நாற்காலி

அதற்குப் பிறகு செக்ரட்டரி இரண்டு சட்டம் போட்டார். சொந்தக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடாது. மேஜையில் யாரும் உறவு சொல்லிக் கூப்பிடக்கூடாது, பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மீறினால் ஒரு மாதம் ரூமுக்குள் வரக்கூடாது. கடலூர் மன்றம் திறந்தபோது முதல் வேலையாக அதே சட்டத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். உறவு இல்லாமல் பேசத் தெரியாத ஊரில் இப்படி ஒரு சட்டம் போட்டால் என்ன ஆகும்? "யோவ்" என்ற சத்தம் ஜாஸ்தியானதுதான் மிச்சம்.

கடலூரில் எனக்குத் தீராத தலைவலி கலியபெருமாள். குறிஞ்சிப்பாடியில் நெல் புரோக்கர். பஸ் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார், ஆனால் உட்கார மாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வராண்டாவிலேயே நிற்பார். யார் இன்று அதிகமாக ஏற்றி ஆடுகிற ஆளோ, அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் இவர் உள்ளே வருவார். வந்து அந்த ஆளுடைய இடது பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். அங்கே வேறு யாராவது இருந்தால் என்னிடம் பஞ்சாயத்து. எங்கள் மேஜையில் பந்தயம் இடது பக்கமாகச் சுற்றும். ஏற்றுகிறவர் ஏற்றி முடித்த பிறகுதான் இவர் முறை வரும். அவர் முகம், கை, மூச்சு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிதானமாக முடிவெடுக்கலாம். ஒரு நாற்காலிக்கு ஏன் இந்தப் பாடு என்று சலித்துப்போய்க் கேட்டேன். "எனக்கு நல்ல சீட்டே வேணாம்ய்யா. அவுரு பேசுனதுக்கப்பறம் பேசுற எடம் கெடச்சா போதும்" என்றார்.

ஏற்றுகிற ஆள்

கலியபெருமாள் நிரந்தரமாக இடது பக்கம் பிடித்து வைத்திருந்த ஆளின் பேர் தங்கராசு. கடற்கரைக் குப்பத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். சுனாமியில் கூடப்பிறந்த அக்காவைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனார். காலை ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வருவார். சட்டையில் அந்த மருந்து நெடி அப்படியே இருக்கும்.

அவர் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. சீட்டை எடுத்துப் பார்த்த கையோடு ஏற்றுவார். நல்ல சீட்டுக்கும் ஏற்றுவார், ஒன்றுமில்லாததற்கும் ஏற்றுவார். எதிரில் இருப்பவர்கள் பயந்து கவிழ்ப்பார்கள். ஜெயித்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது, தோற்றாலும் தெரியாது. ஒரு நாள் தாங்க முடியாமல், "கையில ஒண்ணுமில்லாம எந்தத் தைரியத்துல ஏத்துறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எங்கிட்டேருந்து போறதுக்கு இன்னும் என்னா சார் இருக்குது?"

சீட்டைப் பார்க்காதவர்

2010-இல் அய்யனார் என்று ஒருவர் வந்தார். அதே குப்பம்தான். நரைத்த தலை, பழைய படகுக்காரர்களுக்கு இருக்கிற அகலமான தோள். அவர் உள்ளே நுழைந்ததும் தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டம் முடியும்வரை நிமிரவில்லை. நான் அய்யனாரை எதிர்ப்பக்கம் உட்காரவைத்தேன்.

அன்றிலிருந்து, தங்கராசு ஒரு நாளும் நிமிர்ந்து முகம் பார்க்காவிட்டாலும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்தார். சீட்டை ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை. மூணு சீட்டில் அதற்கும் இடமுண்டு. பிளைண்டு என்பார்கள். பார்க்காமல் கட்டுகிறவர் ஒரு டோக்கன் வைத்தால் போதும், பார்த்தவர் இரண்டு வைக்க வேண்டும். கெட்டிக்காரர்கள் இரண்டு சுற்று பிளைண்டு ஆடிவிட்டு அப்புறம் பார்ப்பார்கள். இவரோ கடைசிவரை பார்ப்பதே இல்லை. மேஜையில் எல்லோரும் மிரண்டுபோனார்கள். பெரிய கணக்கோடு ஆடுகிறார், வெளியூரில் ஆடிப் பழகிய கை என்று பேசிக்கொண்டார்கள். கலியபெருமாள் அந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் பார்த்துத் தூக்கத்தையே தொலைத்தார்.

ஒரு மதியம் வராண்டாவில் தண்ணீர் குடிக்க வந்த அய்யனாரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. தங்கராசுவின் அக்காதான் இவர் மனைவி. அலை வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மா கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். இவர் மேட்டுத் தெருவில், நண்பன் வீட்டில், சீட்டாடிக்கொண்டிருந்தார். அதனால் பிழைத்தார். புதைத்த இடத்தில் வைத்துத் தங்கராசு, "இனிமே ஒம் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், ஆறு வருஷமாகப் பேச்சில்லை. இவரும் அதே இடத்தில், தங்கராசுவின் காதுபட, ஒரு சத்தியம் பண்ணினார். இப்போது மகள் செல்விக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் மணவறைக்கு வருவேன், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போனால் தங்கராசு கதவைச் சாத்துகிறார். சொல்லியனுப்பிய ஆளையும் திருப்பியனுப்புகிறார். அவர் எழுந்து போக முடியாத இடம் இந்த மேஜை ஒன்றுதான்.

அதெல்லாம் சரி, சீட்டை ஏன் பார்ப்பதில்லை என்றேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே சீட்டு மொகத்துல முழிக்க மாட்டேன்னு அவ தலமாட்டுல சத்தியம் பண்ணிருக்கேன் தம்பி. அதான் கவுத்து வச்சே ஆடுறேன்."

சைடு

மூணு சீட்டில் 'சைடு' என்று ஒன்று உண்டு. உங்களுக்கு முன்னால் கட்டியவரிடம், அதாவது வலது பக்கத்தில் இருப்பவரிடம், உங்கள் சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். இருவரும் மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், சின்னச் சீட்டு வைத்திருப்பவர் கவிழ்க்க வேண்டும். முடியாது என்றும் சொல்லலாம். ஆனால் எதுவானாலும் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும், தலையாட்டல் செல்லாது. இன்னொன்று, தன் சீட்டைப் பார்க்காதவர் சைடு கேட்க முடியாது.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் அய்யனார் என்னிடம் வந்து, தங்கராசுவின் இடது பக்கத்தில் இடம் வேண்டும் என்றார். நான் சுவரைக் காட்டினேன். மச்சானுக்குப் பக்கத்தில் மாமனை உட்காரவைத்தால் என் வேலை போய்விடும். அதோடு அது கலியபெருமாள் நாற்காலி, பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அதை விட்டுத்தர மாட்டார். நாங்கள் பேசியதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்த கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஃபேன் காத்து மூஞ்சியில் அடிக்கிறது, அந்தப் பக்கம் போகிறேன் என்றார். சட்டம் இருக்கிறதே என்று நான் இழுத்தேன். "பேச்சுவார்த்தையே இல்லாதவங்க என்னாய்யா சொந்தம்? ஒக்கார விடு" என்றார்.

உட்காரவிட்டேன். சீட்டு போட்டார்கள். தங்கராசு வழக்கம்போல எடுத்துப் பார்த்து ஏற்றினார். ஒவ்வொருவராகக் கவிழ்க்க, மூன்று பேர் மிஞ்சினார்கள். அய்யனார் முறை வந்தது. கவிழ்ந்து கிடந்த சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் எதை மீறுகிறார் என்று அந்த ரூமில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். சட்டப்படி பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்: "தங்கராசு, சைடு."

தங்கராசு குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எதிரில் இருந்தவர், "தரியா இல்லியா, வாயத் தொறந்து சொல்லுப்பா" என்றார். அதன் பிறகுதான் "குடு" என்று ஒரு சொல் வந்தது. இருவரும் குனிந்தார்கள். நான் பின்னால் நின்றதால் கேட்டது. "செல்வி ஒன் கையப் புடிச்சாத்தான் மணவறைக்கு வருவேங்குது. அவ அம்மாவுக்காக வா" என்றார் அய்யனார். தங்கராசு கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, சீட்டைத் திருப்பிப் பார்த்த அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறார். அந்த முகம் இவ்வளவு கிழடு தட்டிப்போயிருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். கண் கலங்கிவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

அவர் பேசியது ரூம் முழுக்கக் கேட்டது: "ஒங்கிட்ட ஒரு ஜோடி கூட இல்ல, மாமா. பேக் பண்ணிட்டு எழுந்துரு. இனிமே இந்தச் சீட்டு ரூம் பக்கமே வராத. நான் வரேன்னு செல்விகிட்ட போய்ச் சொல்லு."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மேஜையில் உறவு சொன்ன குற்றத்துக்காகத் தங்கராசுவுக்கு ஒரு மாதம் தடை போட்டேன்; அந்த வேலையில் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான், ஏனென்றால் தடை முடிந்த பிறகும் அவர் வரவில்லை.